டீச்சர் பதில்கள்: ஏழு பிள்ளைகளின் தாய்

சென்ற இதழில் விவிலியத்தின் மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிற ஒரு யூதத் தாயையும் அவள் ஏழு ஆண்மக்களையும் பற்றி நாலைந்து வரி எழுதியிருந்தேன். யூதச் சட்டம் விலக்கிய பன்றி இறைச்சியைத் தின்ன மாட்டோம் என்றதற்காக அந்தியோக்கு அரசன் ஒரே நாளில் எட்டுப் பேரையும் கொன்றான். பதிலுக்கு வந்த கடிதங்கள் என் மேசை நிறையக் கிடக்கின்றன. சில கடிதங்களில் கண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. எங்கள் வேதாகமத்தில் மல்கியா முடிந்தால் அடுத்தது மத்தேயுதான். நீங்கள் சொல்லும் மக்கபேயர் எங்கே இருக்கிறது? நடந்த கதையா, கட்டிய கதையா?
– வாசகர், மார்த்தாண்டம்

ஐயா, கேட்டது நல்லது. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இந்த நூல் இல்லை. கிரேக்க மொழியில் புழங்கிய பழைய ஏற்பாட்டில் இருந்தது. சீர்திருத்தச் சபைகளுக்கு வழிதிறந்த மார்ட்டின் லூத்தர் 1534-ல் அச்சிட்ட ஜெர்மன் விவிலியத்தில் இந்த நூல்களை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். படிக்க நல்லது, ஆனால் மறைநூலுக்குச் சமம் அல்ல என்பது அவர் எண்ணம். கத்தோலிக்கத் திருச்சபை 1546-ல் திரெந்து நகரில் கூடிய பொதுச் சங்கத்தில் இவை மறைநூலே என்று உறுதி செய்தது. தமிழில் 1995-ல் வந்த பொதுமொழிபெயர்ப்பில் மக்கபேயர் இரண்டு நூல்களையும் நீங்கள் படிக்கலாம்.

அந்தியோக்கு நான்காமவன் வரலாற்றில் வாழ்ந்த மன்னன்தான். கி.மு. 175 முதல் 164 வரை சிரியாவிலிருந்து ஆண்டான். கி.மு. 167-ல் எருசலேம் ஆலயப் பலிபீடத்தின்மேல் வேற்றுப் பலிபீடம் எழுப்பினான். அவன் ஆணையில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். ஓய்வுநாள் கூடாது. ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம், அதாவது நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு, கூடாது. திருச்சட்டச் சுருள் வீட்டில் இருந்தால் சாவு. எல்லாம் அடுக்களையிலும் தொட்டிலருகிலும் நடக்கிற காரியங்கள். விருத்தசேதனம் செய்வித்த பெண்களைக் கொன்றார்கள், அவர்கள் கைக்குழந்தைகளைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள் என்று முதல் நூலின் முதல் அதிகாரமே சொல்கிறது. அந்த வசனத்தை நான் வகுப்பில் ஒருமுறைகூட உரக்க வாசித்ததில்லை.

அந்த ஏழு பேர் உங்கள் வேதாகமத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். எபிரெயர் 11-ம் அதிகாரம் 35-ம் வசனத்தை எடுங்கள்: "வேறுசிலர் மேன்மையான உயிர்த்தெழுதலை அடையும்படிக்கு, விடுதலைபெறச் சம்மதியாமல், வாதிக்கப்பட்டார்கள்." விடுதலை தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றவர்கள், உயிர்த்தெழுதலை நம்பி அப்படிச் சொன்னவர்கள் யார் என்று பழைய ஏற்பாட்டில் தேடினால் இந்த வீட்டுக்குத்தான் வந்து நிற்பீர்கள். யோவான் 10-ல் குளிர்காலத்தில் ஆண்டவர் ஆலய மண்டபத்தில் உலாவினார் என்று வருகிறதே, அன்று நடந்த விழாவும் இதன் தொடர்ச்சிதான். கறைபட்ட ஆலயத்தை கி.மு. 164-ல் மீட்டுத் தூய்மை செய்த நாளின் நினைவு அது.

எனக்கு இரண்டு மகன்கள். உங்கள் கட்டுரையை வாசித்த இரவு தூங்கவில்லை. ஒரு தாய் எப்படி டீச்சர், தன் பிள்ளையைப் பார்த்துச் சாகச் சொல்வாள்? நானாக இருந்தால் "தின்னுடா மகனே" என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியானால் என் நம்பிக்கை பொய்யா?
– வாசகி, தக்கலை

மகளே, உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

இதே கேள்வியை என்னிடம் ஒரு பையன் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். நான் பாடத்தைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான்: "ஒரு துண்டு கறிக்காகவா டீச்சர்?" அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் ஆறாம் அதிகாரத்திலிருந்து திரும்ப வாசித்தேன்.

அங்கே எலயாசர் இருக்கிறார். தொண்ணூறு வயது, மறைநூல் அறிஞர். வாயைப் பிளந்து இறைச்சியைத் திணித்தார்கள், துப்பிவிட்டார். அந்தப் பலிக்குப் பொறுப்பாக இருந்தவர்களே அவருடைய பழைய நண்பர்கள். தனியாகக் கூப்பிட்டு, "நீரே உமக்கு ஆகிற இறைச்சியைக் கொண்டுவாரும், பன்றிக்கறி தின்பதுபோல நடித்துவிடும், உயிர் தப்பும்" என்றார்கள். அன்பினால் சொன்ன யோசனைதான். கிழவர் மறுத்தார். தொண்ணூறு வயதில் எலயாசர் கட்சி மாறிவிட்டார் என்று இளையவர்கள் நினைப்பார்களே என்றார். ஆக, அங்கே கறி ஒரு பொருட்டே இல்லை. வேறு கறியைத் தின்ன அவர்களே வழி செய்து கொடுத்தார்கள். ஊர் பார்க்க வேண்டும், "இவரும் விட்டுவிட்டார்" என்று ஊர் நம்ப வேண்டும், அவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஏழாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தாயா? வாசிப்பது கடினம், நாக்கை அறுப்பதும் கொப்பரையில் வாட்டுவதும் வரிக்கு வரி வருகிறது. அதைத் தாண்டி அவள் பேச்சை மட்டும் கவனி. ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். கடைக்குட்டி நிற்கிறான். அரசன் அவனுக்குப் பணம், பதவி, தன் நட்பு எல்லாம் தருகிறேன் என்று ஆணையிடுகிறான். பையன் அசையவில்லை. உடனே அரசன் தாயைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் புத்தி சொல் என்கிறான். அவள் சம்மதிப்பதுபோலக் காட்டி, குனிந்து, மகனிடம் தன் தாய்மொழியில் பேசுகிறாள். அந்த அதிகாரத்தில் தாய்மொழி என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. அரசனுக்கு அந்த மொழி தெரியாது. அத்தனை காவலர்களுக்கு நடுவே அந்த இரண்டு பேருக்கு மட்டும் ஒரு வீடு இருந்தது.

என்ன சொல்கிறாள்? ஒன்பது மாதம் உன்னைச் சுமந்தேன், மூன்று ஆண்டு பாலூட்டினேன் என்கிறாள். முன்னதாக மற்றப் பிள்ளைகளிடம் சொன்னது இன்னும் பெரியது. நீங்கள் என் வயிற்றில் எப்படி உருவானீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கு மூச்சைக் கொடுத்தது நான் அல்ல என்கிறாள். பிள்ளை பெற்ற நம் எல்லாருக்கும் அது தெரியும் அல்லவா? வயிற்றுக்குள் கண்ணும் நகமும் எப்படி வந்தன என்று நாம் அறிந்தா செய்தோம்? அங்கேயிருந்துதான் அவள் அடுத்த அடி வைக்கிறாள். ஒன்றுமில்லாததிலிருந்து வானத்தையும் மண்ணையும் படைத்தவர், ஒருமுறை உனக்கு மூச்சுக் கொடுத்தவர், மறுபடியும் கொடுப்பார். இறந்தவர் உடலோடு எழுவார் என்பதைப் பழைய ஏற்பாட்டில் இத்தனை தெளிவாகச் சொன்னது அரசனோ குருவோ அல்ல, இந்தப் பெண்பிள்ளை.

அவளுடைய கடைசிச் சொற்களைப் பார். சாவை ஏற்றுக்கொள், அப்போதுதான் கடவுளின் இரக்கத்தால் உன் அண்ணன்மாரோடு உன்னை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்கிறாள். அவள் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை மகளே. ஏழு பேரையும் ஒருமிக்கத் திருப்பிக் கேட்கிறாள். "தின்னுடா மகனே" என்று உன் வாயில் வந்த ஆசையும் "உன்னைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்" என்று அவள் வாயில் வந்த ஆசையும் எனக்கு ஒரே வயிற்றிலிருந்து வந்தவையாகத்தான் தெரிகின்றன. உன் நம்பிக்கை பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இந்த அதிகாரத்தை அளவுகோலாக எடுத்துத் தாய்மாரை அளக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவரின் சாவையும் விரித்து எழுதியவர், தாய் இறந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயரும் எழுதவில்லை. பிற்கால யூதர்களில் சிலர் அவளை மிரியாம் என்றார்கள், சிலர் அன்னா என்றார்கள். சிரியக் கிறிஸ்தவர்கள் சமூனி என்கிறார்கள். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் மார்த்த சமூனி பெயரில் கோயில்களே உண்டு. ஆகஸ்டு 1 அவர்கள் நாள். நம் குமரி மாவட்டத்திலும் இப்படித்தான் நடந்தது. தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவ நம்பிக்கைக்காக 1752 சனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டதை எல்லாரும் சொல்வோம். 2022-ல் உரோமையில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது ஊரே வெடி போட்டது. அவர் மனைவி ஞானப்பூ அம்மாளின் பெயரை எத்தனை பேர் சொன்னோம்?

பெயர், ஊர் எதுவும் போட வேண்டாம். ஆறு வருடமாக வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறேன். செபமாலையைத் தலையணை உறைக்குள் தைத்து வைத்திருக்கிறேன். இரவு உறைக்கு மேலேயே மணிகளைத் தடவிச் செபிப்பேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும், நான் ஆண்டவரை மறுதலித்தவள் என்று தோன்றுகிறது. அறிக்கையிடாதவளை அவரும் அறிக்கையிட மாட்டார் அல்லவா?

தங்கச்சி, முதலில் ஒரு காரியம். நீ மறுதலிக்கவில்லை. யாரும் உன்னை நிறுத்தி "நீ யார்?" என்று கேட்கவுமில்லை, நீ "இல்லை" என்று சொல்லவுமில்லை.

சாவை எதிர்கொண்டவர்களை மட்டும் விவிலியம் எழுதி வைக்கவில்லை. ஒளித்தவர்களையும் மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறது. அரசர்கள் முதல் நூல் 18-ம் அதிகாரத்தில் ஒபதியா என்று ஒருவர். ஈசபேல் அரசி இறைவாக்கினர்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். அந்த அரண்மனைக்கே மேற்பார்வையாளர் இவர். நூறு இறைவாக்கினர்களைக் குகைக்கு ஐம்பது பேராகப் பிரித்து ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். நாடு மழையில்லாமல் காய்ந்து கிடந்த நேரம் அது, தண்ணீருக்கே வழியில்லை. தினம் காலையில் ஆகாபு அரசனின் முன்னால் போய் நின்று வேலை பார்த்திருப்பார், முகத்தில் எதையும் காட்டாமல். "ஆண்டவர் மீது மிகுந்த அச்சம் கொண்டவர்" என்று விவிலியம் சான்று சொல்வது அவருக்குத்தான். எஸ்தரைப் பார். தன் இனம் எது, உறவு எது என்று யாரிடமும் சொல்லாதே என்று வளர்த்தவர் மொர்தக்காய் சொன்னபடி, அரசியான பிறகும் வாய் திறக்கவில்லை. பேச வேண்டிய நேரம் வந்தபோது பேசினாள். ஆண்டவரே தம் சீடர்களிடம், ஒரு நகரில் துன்புறுத்தினால் வேறு நகருக்கு ஓடிப்போங்கள் என்றுதான் சொன்னார். நின்று சாகுங்கள் என்று சொல்லவில்லை.

எலயாசர் நடிக்க மறுத்தாரே, நான் நடிக்கிறேனே என்று நீ கேட்கலாம். அவரிடம் கேட்டது, விட்டுவிட்டேன் என்று ஊருக்குக் காட்டச் சொல்லி. அவரைப் பார்த்து நடக்கிற இளையவர்கள் ஒரு கூட்டம் இருந்தது. ஒளித்துக் காப்பது வேறு, கைவிட்டதாகக் காட்டுவது வேறு.

நாமானை உனக்குத் தெரியும், தொழுநோய் நீங்கிய சிரியப் படைத்தலைவர். அவர் திரும்பிப் போகும்போது, தம்மைக் குணமாக்கிய இறைவாக்கினர் எலிசாவிடம் இரண்டு விண்ணப்பம் வைத்தார். ஒன்று, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கிற அளவுக்கு இந்த மண் வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது அவருக்கு நா கூசியிருக்கும். என் தலைவர் ரிம்மோன் தெய்வத்தின் கோவிலுக்குப் போய் என் கைமேல் சாய்ந்து வணங்கும்போது நானும் தலைகுனிய வேண்டி வரும், அதை ஆண்டவர் மன்னிப்பாரா? எலிசா கோபித்துக்கொள்ளவில்லை, விளக்கம் கேட்கவில்லை. "அமைதியுடன் சென்று வாரும்" என்றார். அவ்வளவுதான் பதில். நாலாவது வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் அந்த மண்மூட்டைகளையே நினைப்பேன். வேற்று நாட்டில் மண்டியிட ஒரு சாண் சொந்த மண். உன் தலையணை உறை அதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1978-ல் எனக்கு வெளி மாவட்டத்தில் முதல் வேலை. தனியாக ஒரு பெண்ணுக்கு வீடு கிடைப்பதே பாடு. ஒரு வீட்டுக்காரர் சுவரில் சிலுவையோ படமோ மாட்டக்கூடாது என்றார். சரி என்றேன். அம்மா கொடுத்தனுப்பிய திரு இருதய ஆண்டவர் படத்தை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். அதைத் துன்புறுத்தல் என்று சொல்ல எனக்கு வாய் வராது, உன் ஆறு வருடத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் முதல் இரவு பெட்டியை மூடியபோது அம்மாவையே உள்ளே வைத்துப் பூட்டினதுபோல இருந்தது. இரண்டு வருடம் பெட்டியைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்துதான் செபித்தேன். பிறகு வேறு வீட்டுக்கு மாறி, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் படத்தை மாட்டினேன். சுவரில் ஆணி அடித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. உனக்கும் ஒரு ஆணி அடிக்கிற நாள் வரும் தங்கச்சி. வரும்வரை அந்தத் தையலைப் பிரிக்காதே.

மத்தத்தியா என்பவர் வாளெடுத்து எதிர்த்தாரே, அது சரிதானா? சாவதைவிட அது மேல் அல்லவா?
– கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, எதனால் எடுத்தார் என்று பார்ப்போம். அரசனின் ஆள்கள் மோதயின் ஊருக்கு வந்து வேற்றுத் தெய்வத்துக்குப் பலியிடச் சொன்னபோது, ஒரு யூதர் முன்வந்தார். மத்தத்தியா அவரையும் அதிகாரியையும் பீடத்தருகிலேயே கொன்றுவிட்டு, ஐந்து மகன்களோடு மலைக்கு ஓடினார். பாலைநிலத்துக்கு ஓடிய வேறு ஒரு கூட்டம் இருந்தது. படை அவர்களை ஓய்வுநாளில் சூழ்ந்தது. ஓய்வுநாளில் போரிடக்கூடாது என்பதால் அவர்கள் ஒரு கல்லைக்கூட எறியவில்லை, மறைவிடத்தின் வாசலையும் அடைக்கவில்லை. மனைவி மக்கள் ஆடுமாடுகளோடு ஏறத்தாழ 1,000 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், ஓய்வுநாளில் தாக்க வந்தால் எதிர்த்துப் போரிடுவோம் என்று மத்தத்தியாவின் கூட்டம் முடிவெடுத்தது. அந்த 1,000 பேரை முட்டாள்கள் என்று முதல் நூல் சொல்லவில்லை, முடிவை மாற்றியவர்களைத் துரோகிகள் என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று யார் சரி என்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அதே இரண்டாம் அதிகாரத்தில் சில வரி தள்ளி ஒன்று வருகிறது, உன் வயதில் நான் கவனிக்காதது. இஸ்ரயேல் எல்லைக்குள் விருத்தசேதனம் செய்யாத சிறுவர்களைக் கண்டு, மத்தத்தியாவின் ஆள்கள் வலுக்கட்டாயமாக அதைச் செய்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் அவர் பேரன் யோவான் இர்க்கான் ஏதோமியர் நாட்டையே பிடித்து, யூத மறைக்கு மாறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றான். மனச்சாட்சிக்காகச் செத்தவர்களின் வீட்டுக்குள்ளிருந்தே அடுத்தவர் மனச்சாட்சியை நெரிக்கிற கை வந்தது. அதைப் படிக்கும்போது அந்த ஏழு பிள்ளைகளையும் இரண்டாம் தடவை கொன்றதுபோல எனக்கு வலிக்கிறது. ஏரோது பிறந்தது அப்படி மாற்றப்பட்ட ஏதோமியர் குடும்பத்தில்தான்.

தானியேல் நூலில் கடவுள் மூன்று பேரைத் தீச்சூளையிலிருந்து காப்பாற்றினார். இந்த ஏழு பேரை ஏன் கைவிட்டார்? இதைக் கேட்டதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "கேள்வி கேட்பதே நம்பிக்கையின்மை" என்றார்.
– வாசகர், தூத்துக்குடி

கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை என்றால் திருப்பாடல்களில் பாதியைக் கிழித்துப் போட வேண்டும். 44-ம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். உம் பொருட்டு நாங்கள் நாள்தோறும் கொல்லப்படுகிறோம், ஆண்டவரே, ஏன் உறங்குகிறீர், விழித்தெழும் என்று பாடியிருக்கிறார்கள். தனியாக முணுமுணுக்கவில்லை, ஆலயத்தில் கூடிப் பாடினார்கள்.

தீச்சூளைக் கதையில் நாம் எல்லாரும் முடிவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அறுபது முழ உயரப் பொற்சிலை, கொம்பும் குழலும் யாழும் ஒலித்ததும் விழுந்து வணங்க வேண்டும், மூவர் வணங்கவில்லை, ஏழு மடங்கு சூடாக்கிய சூளை, வெளியே வந்தபோது ஆடையில் நெருப்பு நாற்றம்கூட இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான கதை. ஆனால் சூளைக்குள் போவதற்கு முன்னால் அவர்கள் அரசனிடம் சொன்னதைக் கேளுங்கள். எங்கள் கடவுள் எங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள். அதற்கு அடுத்த சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கத்தான் எனக்குப் பிடிக்கும்: "விடுவிக்காமற்போனாலும்." எழுபதைத் தாண்டிய இந்த வயதில் முழு அதிகாரத்திலும் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். விடுவிப்பார் என்று தெரிந்து அவர்கள் போகவில்லை. அரசனுக்குக் கொடுத்த பதில், விடுதலை வந்தாலும் வராவிட்டாலும் மாறாத பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை நடப்பது பாபிலோனில் என்றாலும், தானியேல் நூல் இன்றைய வடிவத்தை அடைந்தது அந்தியோக்கின் காலத்தில்தான் என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியானால் இந்தக் கதையை முதலில் கையில் வாங்கியவர்கள் யார்? எலயாசர் அடிபட்டுச் செத்ததைக் கண்டவர்கள். பிள்ளைகளைப் புதைத்தவர்கள். அவர்கள் வீட்டில் தேவதூதர் இறங்கவில்லை, சூளை அணையவில்லை. "விடுவிக்காமற்போனாலும்" என்ற சொல்லை அந்த வீடுகளில் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

எபிரேயர் திருமுகத்தின் 11-ம் அதிகாரமும் இதை மறைக்கவில்லை. 34-ம் வசனத்தில், நம்பிக்கையினால் வாள்முனையிலிருந்து தப்பினார்கள் என்று வருகிறது. மூன்று வசனம் தள்ளி, வாளுக்கு இரையானார்கள் என்று வருகிறது. தப்பியவர் நல்லவர், மாண்டவர் குறைந்தவர் என்று பிரிக்காமல் ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறார்.

திருத்தூதர் பணிகள் 12-ம் அதிகாரமும் அப்படித்தான். ஏரோது (முன்னே சொன்ன ஏரோதின் பேரன்), யோவானின் சகோதரர் யாக்கோபை வாளால் கொன்றான். ஒரே வசனம். அதே கையோடு பேதுருவைப் பிடித்துச் சிறையில் அடைத்தான். அவருக்குத் தூதர் வருகிறார், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு போய்க் கதவைத் தட்ட, ரோதி என்ற வேலைக்காரச் சிறுமி மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். வாசிக்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் யாக்கோபின் அம்மா இருந்திருப்பாரே என்று நினைத்துப் பாருங்கள். என் இரண்டு மகன்களுக்கும் உம் வலப்புறமும் இடப்புறமும் இடம் கொடும் என்று ஆண்டவரிடம் கேட்டவர் அவர். என் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டபோது பக்கத்தில் நின்றவர். சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களிலும் அவரை மத்தேயு சேர்த்திருக்கிறார். பேதுரு வந்துவிட்டார் என்று யாராவது ஓடிவந்து சொன்னால் அந்தத் தாய் என்ன செய்திருப்பார்? மகிழ்ந்திருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். அழுதுகொண்டே மகிழ்ந்திருப்பார்.

ஏன் ஏழு பேரைக் கைவிட்டார் என்று கேட்டீர்கள். கைவிட்டார் என்று அந்தத் தாய் நினைக்கவில்லை. அவளுக்கு எதிரே நின்று, இல்லை அம்மா, கைவிட்டுவிட்டார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

டீச்சர், தானியேல் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே? சிங்கக் குகைக்குப் போயிருக்க வேண்டாமே?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, குளச்சல்

மக்களே, பெரியவர்கள் எழுதிய கடிதங்களில்கூட இத்தனை நல்ல கேள்வி இல்லை. தானியேல் நூல் ஆறாம் அதிகாரம் பத்தாம் வசனத்தை அம்மாவை வாசிக்கச் சொல். முன்பு செய்துவந்தபடியே என்று வரும். அரசனைத் தவிர யாரிடமும் வேண்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள் என்பதற்காக அவர் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை. யாருக்கும் காட்டவும் திறக்கவில்லை. எத்தனையோ வருடமாகத் தினம் மூன்று வேளை எருசலேம் இருக்கிற பக்கம் பார்த்துத்தான் செபிப்பார், அந்த ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தது. எருசலேம் ஆலயம் இடிந்து கிடந்தது. ஆனாலும் அந்தப் பக்கமே பார்ப்பார். சட்டத்துக்காக அன்றைக்கு மட்டும் மூடியிருந்தால், ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது, அது சரி. அவருக்குத் தெரிந்திருக்குமே.

இன்னொன்றையும் கவனி. அன்று ராத்திரி தூங்காமல் புரண்டது தாரியு அரசன். அரண்மனையில் பட்டினியாகக் கிடந்து, பொழுது புலர்ந்ததுமே குகைக்கு ஓடிப்போய்த் "தானியேல், தானியேல்" என்று அழுகைக்குரலில் கூப்பிட்டான். சிங்கக் குகைக்குள்ளிருந்தவரைப் பற்றி வருந்தியவன் வெளியே இருந்தவன்!

உனக்கு ஒரு வீட்டுப்பாடம். மறைக்கல்வி வகுப்பில் உங்கள் டீச்சரிடம் உலக வரைபடம் கேட்டு வாங்கு. பாபிலோன் இன்றைய ஈராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து எருசலேம் எந்தத் திசை என்று விரல் வைத்துப் பார்த்து எனக்கு எழுது. அந்த ஜன்னல் வழியாகச் சூரியன் உதிப்பது தெரிந்திருக்குமா, மறைவது தெரிந்திருக்குமா என்பதையும் சேர்த்து எழுது.